ஷார்த்ர் பேராலயம்: வெயிலோடு வலம் வர ஒரு முழு நாள் வழிகாட்டி

பாரிஸுக்குத் தென்மேற்கே சுமார் 90 கிலோமீட்டரில் இருக்கிறது ஷார்த்ர். எழுத்தைப் பார்த்து 'சார்ட்ரஸ்' என்று படித்தால் ரயில் நிலையக் கவுன்ட்டரில் விழிப்பார்கள். 'ஷார்த்ர்' என்று சொல்லுங்கள், கடைசி 'ர்' தொண்டையோடு நின்றுவிடட்டும். 1194 ஜூன் 10-ஆம் தேதி தீயில் எரிந்து, அடுத்த முப்பது வருடங்களுக்குள் பெரும்பாலும் மறுபடி எழும்பி நின்ற மாதா பேராலயம் இந்த ஊரில்தான் உள்ளது. 1979-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உள்ளே போக டிக்கெட் கிடையாது. அதனாலேயோ என்னவோ, ஏராளமானோர் முக்கால் மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "நல்ல நீலம்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது வண்ணக் கண்ணாடி. 170-க்கும் மேற்பட்ட சாளரங்கள், பெரும்பகுதி 12, 13-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவை எரிவது வெயிலால். எந்தச் சாளரத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்று தெரியாமல் போனால் பாதி கோயில் இருட்டாகத்தான் தெரியும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கணக்கை வைத்து எழுதியது.

முதலில் திசையைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ஐரோப்பியப் பழைய கோயில்களில் பீடம் கிழக்கே இருக்கும் என்பது பொது விதி. எல்லா வழிகாட்டி நூல்களும் அந்த விதிப்படி 'வடக்கு வாசல்', 'தெற்கு ரோஜா', 'மேற்கு முகப்பு' என்றே எழுதுகின்றன. ரோஜா என்றால் பூப்போல் விரிந்த பெரிய வட்டச் சாளரம். ஷார்த்ரில் இது பெயரளவுக்குத்தான். கட்டடம் மலைமேட்டில் திரும்பி நிற்கிறது. பீடம் வடகிழக்கைப் பார்க்கிறது. அப்படியானால் 'மேற்கு' முகப்பு உண்மையில் தென்மேற்கு, 'தெற்கு'ப் பக்கம் தென்கிழக்கு, 'வடக்கு'ப் பக்கம் வடமேற்கு.

இதை மனதில் வைத்தால் நாளின் திட்டம் தானாக வந்துவிடும். காலை வெயில் 'தெற்கு'ப் பக்கச் சாளரங்களில் நேராக விழும். பிற்பகல் 2 மணிக்கு மேல் முகப்புக்குத் திரும்பும். கோடையில் மாலை 5 மணிக்குப் பிறகு சாய்வெயில் 'வடக்கு' ரோஜாவைத் தொடும். சூரியனே கோயிலை வலம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நாமும் அதன் பின்னாலேயே போகிறோம். குளிர்காலத்தில் மூன்றாவது கட்டம் கிடைக்காது. டிசம்பரில் சூரியன் வடமேற்குப் பக்கம் போகுமுன்பே மறைந்துவிடும், வடக்கு ரோஜாவுக்கு வெறும் வானத்து வெளிச்சம்தான்.

மேகமூட்டமான நாள் என்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சுள்ளென்ற வெயிலில் நீலக் கண்ணாடி ஒளியைச் சிதறடித்து, பக்கத்தில் உள்ள நிறங்களை மூடிவிடும். அப்போது அழகு அதிகம், உருவங்கள் மங்கல். மெல்லிய மேகம் இருந்தால் ஒவ்வொரு உருவத்தையும் நிதானமாக வாசிக்கலாம். கெட்ட நாள் என்றால் கனமழை நாள் மட்டும்தான்.

எந்தக் கிழமை, எந்த மாதம்

தரையில் பதித்த வட்டப் புதிர்ப்பாதையில் நடக்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை. தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) தொடங்கி நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள் வரை, வெள்ளிக்கிழமைகளில் பகல் நேரத்தில் மட்டும் நாற்காலிகளை அகற்றுவார்கள். மற்ற நாட்களில் வட்டத்தின் மேலேயே வரிசையாக நாற்காலிகள் கிடக்கும்.

ஞாயிறு காலையைத் தவிர்த்துவிடுங்கள், திருப்பலி நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறையொட்டிய மூன்று நாட்களில் பாரிஸிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நடந்தே யாத்திரையாக இங்கே வந்து சேர்வார்கள். யாத்திரையைப் பார்க்க அது நல்ல நாள், கண்ணாடி பார்க்க ஆகாத நாள். ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புத் திருநாளும் அப்படியே. ஜூன் 21 தனிக் கதை, கீழே வருகிறது.

பையில் என்ன

பைனாகுலர். இந்த ஒன்று இல்லாமல் போனால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. கோயிலின் உள் உயரம் சுமார் 37 மீட்டர். கீழ் வரிசைச் சாளரங்களிலேயே மேல் கட்டங்கள் வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. 8 மடங்கு பெரிதாக்குவதே சரி. 10, 12 மடங்கு என்று வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். முன் கண்ணாடியின் விட்டம் 30 முதல் 42 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். சட்டைப்பையில் அடங்கும் 20 மில்லிமீட்டர் சாதனம் இந்த இருட்டில் ஒளியைப் போதுமான அளவு வாங்காது. போனின் ஜூமை நம்பவேண்டாம். பிரகாசமான கண்ணாடியும் கறுத்த சுவரும் ஒரே சட்டத்தில் வரும்போது அது ஏதாவது ஒன்றைக் கெடுத்துவிடும்.

ஜூலையில்கூட ஒரு ஸ்வெட்டர் தேவை. கல் கட்டடம், இரண்டு மணி நேரம் அசையாமல் அண்ணாந்து நின்றால் குளிர் ஏறிவிடும். மெழுகுவத்திக்கும் சிறு காணிக்கைக்கும் சில யூரோ நாணயங்கள். பெரிய சூட்கேஸ் வேண்டாம், உள்ளே வைக்க இடம் கிடையாது. கழிப்பறையும் கோயிலுக்குள் இல்லை, ரயில் நிலையத்திலோ காபிக் கடையிலோ முடித்துக்கொண்டு வரவும்.

செருப்பு விஷயம்: வேளாங்கண்ணிக்குப் போய்ப் பழகிய கால் வாசலில் தானாகக் கழற்றும். இங்கே யாரும் கழற்றுவதில்லை, கழற்றிவிட்டால் வைக்க இடமும் இல்லை. அதற்குப் பதில் ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

ரயில்

பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து வட்டார ரயில். மெட்ரோவில் 4, 6, 12, 13 ஆகிய தடங்கள் மோன்பர்னாஸ் போகும். பயணம் 1 மணி முதல் 1 மணி 15 நிமிடம் வரை. நின்று நின்று போகும் வண்டியும் அதே தடத்தில் உண்டு, பலகையில் நிறுத்தங்களை எண்ணிப் பார்த்து ஏறுங்கள்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு: பாரிஸ் நவிகோ பாஸ் வைத்திருப்பவர்கள் அதுவே செல்லும் என்று ஏறிவிடுகிறார்கள். நவிகோ பாரிஸ் வட்டாரத்துக்குள் மட்டும்தான். இந்தத் தடத்தில் அந்த வட்டாரம் ரம்புய்யேயோடு முடிந்துவிடுகிறது. ஷார்த்ர் அதற்கு அப்பால். பரிசோதகர் வந்தால் அபராதம். தனி டிக்கெட் எடுங்கள்.

காலை 9:30 மணிக்குள் ஊரில் இறங்கும்படி வண்டி பிடியுங்கள். வண்டி நெருங்கும்போதே கோதுமைச் சமவெளிக்கு மேல் இரண்டு கோபுரங்கள் தெரியும். இரண்டும் ஜோடியில்லை. முகப்பை நேராகப் பார்த்தால் வலப்பக்கம் உள்ளது 12-ஆம் நூற்றாண்டின் மொட்டையான, அலங்காரமில்லாத கூம்பு. இடப்பக்கம் உள்ளதை மின்னல் எரித்த பிறகு, ஜான் தெ போஸ் என்ற சிற்பி 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லிலேயே பூவேலை செய்து உயர்த்தினார். உயரம் அதிகம் பின்னதுக்கு, எடுப்பு முன்னதுக்குத்தான். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை.

காலை: உள்ளே போய் உட்காருங்கள்

முகப்புச் சிற்பங்களைக் காலையில் பார்க்க நிற்க வேண்டாம், அப்போது அவை நிழலில் இருக்கும். நேராக உள்ளே போங்கள். போனதும் நடக்கத் தொடங்காமல் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக 15 முதல் 20 நிமிடம் எடுக்கும். நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் கறுப்பாகத் தெரிந்த மேல் வரிசைச் சாளரங்கள் இருபதாவது நிமிடத்தில் திறந்துகொள்ளும். உட்காராமல் போவதுதான் இங்கே மக்கள் செய்யும் மிகப் பெரிய பிழை.

உட்கார்ந்திருக்கும்போது சுவரைப் பாருங்கள். பழைய படங்களில் இந்தக் கோயில் புகைபிடித்த கறுப்பாக இருக்கும். 2009-ஐ ஒட்டித் தொடங்கிய சீரமைப்பில் நூற்றாண்டுகளின் மெழுகுவத்திக் கரியையும் தூசியையும் எடுத்தார்கள். அடியில் 13-ஆம் நூற்றாண்டுப் பூச்சு கிடைத்தது. இளமஞ்சள் தளம், அதன் மேல் கல் மூட்டுப்போல் தீட்டிய வெள்ளைக் கோடுகள். கட்டியவர்கள் பார்த்தது இந்த வெளிறிய சுவரைத்தான் என்று சீரமைத்தவர்கள் சொன்னார்கள். கண்ணாடியின் மர்மமே போய்விட்டது என்று எதிர்த்தவர்களும் நிறையப் பேர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஒன்று மட்டும் உறுதி: தூணருகே இருக்கும் மாதா சுரூபத்தைப் பழைய நூல்கள் 'கறுப்பு மாதா' என்று சொல்லும். இப்போது போய்த் தேடினால் கிடைக்காது, அதற்கும் வண்ணம் தீட்டியாகிவிட்டது.

ஒரு சாளரத்தை வாசிப்பது எப்படி

பீடத்தைப் பார்த்து நின்றால் வலப்பக்க நடையில், முகப்பிலிருந்து எண்ணினால் மூன்றாவது சாளரம். நல்ல சமாரியன் சாளரம் அது. காலை 10 முதல் 12 வரை இதற்குச் சரியான வேளை. வாசிக்கப் பழகுவதற்கு இதைவிட நல்லது இந்தக் கோயிலில் இல்லை.

விதி எளிது: கீழிருந்து மேலே, ஒவ்வொரு வரிசையிலும் இடமிருந்து வலம். விதிவிலக்கு உண்டு, ஆனால் இதில் தொடங்கினால் பெரும்பாலும் தப்பாது.

அடி வரிசையில் பைபிள் கிடையாது. செருப்புத் தைப்பவர்கள் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். சாளரத்துக்குக் காணிக்கை கொடுத்த தொழிலாளர்களின் கையெழுத்து இது என்பார்கள். அவர்களே கொடுத்தார்களா, குருக்கள் வாங்கினார்களா என்று வரலாற்று ஆசிரியர்களிடையே வழக்கு தீரவில்லை. எப்படியானாலும், 800 வருடத்துக்கு முந்தைய ஒரு பட்டறை கண்ணெதிரே இருக்கிறது. பைனாகுலரை முதலில் இங்கே திருப்பிக் கையின் பிடியைப் பாருங்கள்.

அதற்கு மேல் கதை தொடங்குகிறது. இயேசு உவமை சொல்கிறார். பயணி எருசலேமிலிருந்து கிளம்புகிறான். கள்வர்கள் அடித்துத் துணியை உருவுகிறார்கள். குருவும், கோயில் பணியாளனான லேவியனும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சமாரியன் கட்டுப்போட்டு, ஏற்றி, சத்திரத்தில் சேர்க்கிறான். இதோடு முடிய வேண்டும். ஆனால் சாளரத்தில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது, அதில் திடீரென்று ஆதாம், ஏவாள், பழம், தோட்டத்திலிருந்து விரட்டல்.

வேறு சாளரம் கலந்துவிட்டதோ என்று பலர் குழம்பும் இடம் இது. கலக்கவில்லை. அக்கால மறையுரைகளில் எருசலேம் என்றால் சொர்க்கத் தோட்டம், அடிபட்ட பயணி ஆதாம், கள்வன் சாத்தான், சமாரியன் இயேசு, சத்திரம் திருச்சபை. மேல் பாதி கீழ்ப்பாதிக்கு உரை எழுதுகிறது. மூலமும் உரையும் ஒரே ஏட்டில் இருப்பதுபோல. இந்த ஒரு சாளரத்துக்கு அரைமணி கொடுங்கள். பிறகு மற்றவை பாதி நேரத்தில் பிடிபடும்.

ஒரு சிறு நுணுக்கம். முகம், துணி மடிப்பு, விரல் எல்லாம் நிறக் கண்ணாடியின் மேல் பழுப்புக் கறுப்புச் சாயத்தால் வரைந்து சூளையில் சுட்டவை. நிறம் கண்ணாடியின் உள்ளேயே இருக்கிறது, நீலத்துக்குக் கோபால்ட். துண்டுகளைப் பிணைப்பது ஈயப் பட்டி. அந்தப் பட்டிகள் குறுக்கே ஓடும் இடம் உருவத்தின் விளிம்போடு பொருந்தினால் பழைய வேலை. முகத்தின் நடுவே ஓடினால் பெரும்பாலும் உடைந்து ஒட்டியது.

மற்ற சாளரங்கள்

நூல்களும் வரைபடங்களும் சாளரங்களுக்கு எண் கொடுத்திருக்கும். பீடத்துக்குப் பின் மையத்தில் 0. அங்கிருந்து இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. இது தெரிந்தால் எண்ணைக் கேட்டதும் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரிந்துவிடும். நல்ல சமாரியன் 44.

காலையிலேயே வலப்பக்கத்தில் தொடர்ந்து போங்கள். சிலுவைக் கையை, அதாவது சிலுவை வடிவக் கோயிலில் குறுக்கே நீளும் பகுதியை, தாண்டி, பீடத்தைச் சுற்றும் நடையில் நுழைந்ததும் வலப்பக்கம் 30-ஆம் எண். 'அழகிய சாளரத்து மாதா' என்று பெயர். நடுவில் அரியணையில் அமர்ந்த மாதாவின் கட்டங்கள் 1180-ஐ ஒட்டியவை. 1194 தீயில் தப்பி, புதுச் சாளரத்துக்குள் பதித்தவை. சிவப்புப் பின்னணியில் அந்த வெளிர்நீல ஆடையைப் பாருங்கள், சுற்றிலும் உள்ள தேவதூதர்களின் நீலத்தோடு ஒப்பிடுங்கள். தூதர்கள் 13-ஆம் நூற்றாண்டு, நீலம் கனத்துவிட்டது. இரண்டு தலைமுறைக்குள் கண்ணாடியின் நிறம் மாறியதை ஒரே சட்டத்தில் காட்டும் இடம் இது. அதற்கு அடுத்த 28-இல் பன்னிரண்டு ராசிகளும் மாத வேலைகளும் ஜோடி ஜோடியாக இருக்கும்.

சுற்று நடையின் இடப்பக்கம் 23-ஆம் எண்ணைத் தமிழ் வாசகர்கள் விடக் கூடாது. திருத்தூதர் தோமா. மயிலாப்பூர் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் நாம் அறிந்த அதே தோமையார். இந்திய அரசர் குண்டபோரஸ் அரண்மனை கட்டச் சொல்லிக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, 'அரண்மனை விண்ணில் தயார்' என்று சொன்ன கதை அவருடையது. வலப்பக்கத்தில் இன்னொரு தோமா சாளரம் உண்டு, எண் 18. அவர் கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட், ஆள் வேறு. எண்ணைப் பார்த்துப் போகாவிட்டால் தவறான தோமாவின் முன் நின்று இந்தியாவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ரோஜாக்கள்: சிலுவையின் வலக்கையில் தெற்கு ரோஜா. அதற்குக் கீழ் ஐந்து நீள் சாளரங்கள். நடுவில் மாதா. இருபுறமும் நான்கு நற்செய்தியாளர்கள் நான்கு இறைவாக்கினர்களின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே இருப்பவர்கள் பெரிய உருவம், மேலே இருப்பவர்கள் சிறியவர்கள். ஆனால் தொலைவு பார்ப்பது மேலே இருப்பவர்கள். 'பூதங்களின் தோளில் ஏறிய குள்ளர்கள் நாம்' என்ற பழமொழியைச் சொன்னவர் இந்த ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் பெர்னார். அதை எழுதிவைத்த சாலிஸ்பரி ஜான் பிறகு இங்கேயே ஆயரானார். இதையும் பகல் 12-க்குள் பார்த்துவிடுங்கள்.

நடுப்பகல்: கீழேயும் மேலேயும்

கண் களைத்த பிறகு நிலவறைக்கு இறங்கலாம். தனியாக விடமாட்டார்கள், வழிகாட்டியோடு குழுவாகத்தான். டிக்கெட்டும் நேரமும் உண்டு. காலையில் வந்ததும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் கேட்டால் அன்றைய சுற்று முடிந்திருக்கும். விளக்கம் பெரும்பாலும் பிரெஞ்சில். 1020 தீக்குப் பின் ஆயர் ஃபுல்பெர் எழுப்பிய அடித்தளம் அது. மேலே எரிந்தபோதெல்லாம் கீழே நிலைத்தது. 30 மீட்டருக்கும் மேல் ஆழமான பழங்கிணறு ஒன்றும் உள்ளே இருக்கிறது. மாதாவின் ஆடை என்று போற்றும் பட்டுத்துணி, 876-இல் அரசர் வழுக்கைச் சார்லஸ் கொடுத்தது, 1194 தீயில் தப்பியது இந்த நிலவறையால்தான் என்பது மரபு. ஆடை தப்பியதைக் கண்ட மக்கள் புதுக் கோயிலுக்கு வாரிக் கொடுத்தார்கள். அந்தத் தீக்குப் பிறகு இவ்வளவு வேகமாகக் கட்டி முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வடகோபுரம் ஏற விரும்பினால் அதற்குத் தனி டிக்கெட். 200-க்கும் மேற்பட்ட சுழற்படிகள், குறுகல், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. முழங்கால் வலியும் தலைசுற்றலும் உள்ளவர்கள் விட்டுவிடலாம். மேலே போனால் பச்சைச் செம்புக் கூரை தெரியும். பழைய மரக் கூரை 1836-இல் எரிந்து போக, அதற்குப் பதில் வார்ப்பிரும்புச் சட்டம் போட்டு மேலே செம்பு வேய்ந்தார்கள்.

ஜூன் 21 அன்று வந்திருந்தால் சூரியன் உச்சிக்கு வரும் வேளையில், அதாவது கோடைக் கடிகாரத்தில் 2 மணிக்குச் சற்று முன், சிலுவையின் வலக்கையில் நில்லுங்கள். புனித அப்போலினார் சாளரத்தில் விட்ட வெள்ளைத் துண்டு வழியே ஒரு கதிர் இறங்கி, சாய்வாகப் பதித்த தரைக்கல்லின் உலோக ஆணியில் விழும். மேகம் வந்தால் ஒன்றும் கிடையாது. கூட்டம் மட்டும் கட்டாயம் இருக்கும், அரைமணி முன்பே இடம் பிடியுங்கள்.

பிற்பகல்: ராஜவாசல்

சாப்பிட்டு 2:30 மணிக்கு முகப்புக்குத் திரும்புங்கள். இப்போது வெயில் பக்கவாட்டில் விழுந்து சிற்பத்தின் குழிகளை எழுப்பும். இந்த மூன்று வாசல்களும் 1145-ஐ ஒட்டியவை, தீயில் தப்பியவை. தூணோடு தூணாக நீண்ட அரசர், அரசியர் உருவங்கள் 24 இருந்தன, 19 மிச்சம். ஆடை மடிப்புகளை விரலால் எண்ணலாம்.

இட வாசலின் வளைவில் ராசிச் சிற்பங்கள். எண்ணிப் பாருங்கள், பத்துதான் வரும். ரிஷபமும் கன்னியும் இருக்கும், மீனமும் மிதுனமும் இருக்காது. சிதைந்துபோனதாக நினைக்க வேண்டாம். இடம் போதாமல் அவ்விரண்டையும் வல வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். 

அதே வல வாசல் வளைவில் ஏழு கலைகள். இலக்கணம் ஒரு பெண். கையில் பிரம்பு, காலடியில் இரண்டு பையன்கள். ஒருவன் புத்தகத்தில் குனிந்திருக்க மற்றவன் அவன் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான். இசைக்குக் கீழே எழுதிக்கொண்டு குனிந்திருப்பவரைப் பிதாகரஸ் என்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தின் அதே முகங்கள். பைனாகுலர் இல்லாதவர்கள் இந்தச் சண்டையைப் பார்க்கமாட்டார்கள்.

மறுபடி உள்ளே போய், பீடத்துக்கு முதுகு காட்டி நின்று முகப்புச் சாளரங்களைப் பாருங்கள். மேலே ரோஜா, கீழே மூன்று நீள் சாளரங்கள். அவை மூன்றும் 1150-ஐ ஒட்டியவை, கோயிலில் மிகப் பழைய தொகுதி. வலப்பக்கம் ஈசாயின் மரம். அடியில் தூங்குகிறார் தாவீது அரசரின் தந்தை ஈசாய், உடலிலிருந்து மரம் எழும்பி, அரசர் மேல் அரசராக ஏறி, மாதாவும் உச்சியில் இயேசுவும். 3 மணி முதல் 5 மணி வரை இந்த நீலத்துக்கு இணை வேறெங்கும் இல்லை. காலையில் மட்டும் வந்து போகிறவர்கள் இதை மங்கலாகத்தான் பார்த்திருப்பார்கள்.

புதிர்ப்பாதையும் பீடத் தடுப்பும்

வெள்ளிக்கிழமை என்றால் இப்போது நடக்கலாம். சுமார் 13 மீட்டர் விட்டம், 11 சுற்று, மையத்துக்குப் போக 261 மீட்டர். நம் பக்கத்து ஏழு சுற்றுக் கோட்டை போலவே வழி ஒன்றுதான், முட்டுச்சந்து கிடையாது, தொலைந்துபோக முடியாது. நடந்த வழியிலேயே திரும்ப வேண்டும். எதிரே வருபவருக்குப் பக்கத்துக் கல்லில் ஒதுங்கி வழிவிட்டு, மறுபடி உங்கள் தடத்துக்கே வாருங்கள். குறுக்கே தாண்டிப் போனால் பிரார்த்தனையாக நடப்பவர்களுக்குத் தொந்தரவு. போக வர அரைமணி வைத்துக்கொள்ளுங்கள்.

பீடத்தைச் சுற்றிய கல் தடுப்பில் மாதா, இயேசுவின் வாழ்க்கை நாற்பது காட்சிகளாக, சுமார் 200 உருவங்களில் உள்ளது. 1514-இல் ஜான் தெ போஸ் தொடங்கினார், முடியும்போது 18-ஆம் நூற்றாண்டு வந்துவிட்டது. அதில் ஒரு பழைய வானியல் கடிகாரமும் உண்டு. நேரம் குறைந்தால் இந்தத் தடுப்பை விட்டுவிடலாம், கண்ணாடியை விட வேண்டாம்.

மாலை: வடக்கு

கோடையில் 5 மணிக்கு மேல் சிலுவையின் இடக்கைப் பக்கம் போங்கள். வடக்கு ரோஜா அரசி பிளான்ஷின் கொடையாக வந்தது. மூலைகளில் பிரான்சின் லில்லியையும் அவர் பிறந்த காஸ்டீலின் கோட்டைச் சின்னத்தையும் தேடுங்கள். கீழே நடுச் சாளரத்தில் குழந்தை மரியாளை ஏந்திய அன்னம்மாள், கறுத்த முகம். இடப்பக்க நடையில் மூன்று சாளரங்கள் போதும்: நோவா (47), யோசேப்பு (41), இவற்றுக்கிடையே திராட்சை ரச வியாபாரிகளின் கையெழுத்துள்ள புனித லூபென் (45).

வழக்கமாகக் காலை 8:30 முதல் மாலை 7:30 வரை திறந்திருக்கும். ஆனால் மாலைப் பூசை, திருமணம், கச்சேரி என்று சில பகுதிகளைக் கயிறு கட்டி மூடுவார்கள். கயிற்றைத் தாண்ட வேண்டாம். பூசை நடக்கும்போது வந்துவிட்டால் கடைசி வரிசையில் உட்காரலாம், படம் எடுக்கக் கூடாது. நற்கருணைக்குக் கத்தோலிக்கர்கள் மட்டும் போக வேண்டும். படத்துக்கு மற்ற நேரங்களில் தடையில்லை, பிளாஷ் வேண்டாம். வெளிச்சத்தைக் கண்ணாடியில் தொட்டுப் பூட்டி, ஒரு படி குறைத்து எடுத்தால் நிறம் நிற்கும்.

வெளியே வந்ததும்

பின்பக்கம் ஆயர் மாளிகைத் தோட்டத்துக்கு நடங்கள். கட்டடத்தின் தாங்கு வளைவுகளை அங்கிருந்துதான் முழுதாகப் பார்க்க முடியும். சுவரைக் கண்ணாடியாக்கத் தைரியம் வந்தது இந்த வளைவுகளால். எடையை அவை வெளியே வாங்கிக்கொள்கின்றன. இறங்கினால் ஓர் ஆறு, பழைய சலவைத்துறைகள், கற்பாலங்கள். முகப்புக்கு அருகே, 13-ஆம் நூற்றாண்டுக் களஞ்சியத்தில் சாளரக் கண்ணாடி மையம் இருக்கிறது. சாளரத்தைக் கண் மட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டால் அதைப் பகலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், மாலையில் மூடிவிடும்.

வசந்தம் முதல் ஆண்டு முடிவு வரை இரவில் ஊர் முழுக்க ஒளிவீச்சு நடக்கும், கோயில் முகப்பும் வண்ணத்தில் மாறும். கோடையில் இருட்டவே 10 மணிக்கு மேலாகும். பார்க்க விரும்பினால் ஊரிலேயே தங்குங்கள். இல்லையென்றால் மோன்பர்னாஸ் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நிலையப் பலகையில் போன் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் விடுமுறை நாட்களும் அட்டவணை வேறு.